பாதியில் நின்ற கேம்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவரிடம் நான் பெயர் கேட்டதில்லை. நரைத்த தாடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் மேல் இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடி அதன் அதிர்வைக் கவனிப்பார்.

இறந்துபோன என் தம்பியின் கேமிங் கம்ப்யூட்டரைக் கொண்டுபோயிருந்தேன். அவன் ஆடிய கார் பந்தய கேம் திறக்க அரை மணி நேரம் ஆகும். முந்தின நாள் பாதியிலேயே நின்றுவிட்டது.

உப்புக்காற்றில் துருவேறிய திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"டிஸ்க் போகப்போகுது அண்ணாச்சி. தினமும் போடுதியளோ?"

"சாயங்காலம் போடுவேன். எனக்கு ஆடத் தெரியாது. தம்பி கடைசியா விட்ட இடம் வரும். பாத்துட்டு அணைச்சிருவேன்."

"போடப் போடத்தான் இது சாவுது," என்றவர் சட்டென்று விரல்களை எடுத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றி வைத்திருந்தார். கேமைத் திறந்ததும், தம்பி விட்ட இடத்தில் மழையில் நிற்கும் அந்தச் சிவப்புக் கார் உடனே வந்தது. மவுஸை என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போதும் சாயங்காலம் போடுகிறேன். போட்டதும் வந்துவிடுகிறது. காத்திருந்த அந்த அரை மணி நேரத்தை இனி என்ன செய்வதென்று அவரிடம் கேட்டிருக்கலாம்.