வீடில்லாத ஒழுங்கையின் விளக்கு

மர்ளியா மெம்பரைப் பற்றி இன்றைக்கு ஊரே பெருமை பேசுகிறது. கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள்தானே இவை!

பெண்களுக்கான ஒதுக்கீட்டில் பிரதேச சபைக்குப் போனவர் அவர். அதற்கு முன்பு கரையில் கருவாடு காயவைத்தார். அந்த வருடம் உறுப்பினர் ஒருவருக்கு ஐந்து தெருவிளக்கு என்றார்கள். மற்றவர்கள் தங்கள் ஆட்களின் வாசல்களில் போட்டுக்கொண்டார்கள். மர்ளியா ஒன்றைக் கடலுக்குப் போகும் ஒடுங்கிய பாதையான ஒழுங்கைக்குக் கேட்டார். அங்கே ஒரு வீடும் இல்லை. இரண்டு பக்கமும் தாழை, நடுவில் மணல். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே வள்ளங்கள் வந்துவிடும். மீன் எடுக்கப் பெண்கள் அந்த இருட்டில்தான் போகவேண்டும். கூட வேலை செய்த ஹஃபீலாவைப் புடையன் பாம்பு கடித்ததும் அங்கேதான்.

"வீடில்லாத இடத்துக்கு என்னத்துக்கு வெளிச்சம்? நண்டு பேப்பர் படிக்கப் போகுதா?" என்றார் சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"நண்டு இல்ல சேர், பொம்புளைகள் நடக்கிறாங்க. உங்கட வீட்டுக்குக் கருவாடு அந்த வழியாத்தான் வருது."

தன் கோரிக்கையைக் கூட்ட அறிக்கையில் எழுதும்வரை மர்ளியா உட்காரவில்லை. விளக்கு வந்தது. கூடவே 'நண்டு மெம்பர்' என்ற பட்டமும் வந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கைகழுவிவிட்டது.

பிறகு ஒரு ஹோட்டல்காரர் தாழைக்குப் பின்னால் இருந்த இரண்டு பக்கத் தென்னங்காணியையும் வாங்கி, ஒழுங்கையையும் சேர்த்து முள்வேலி அடித்தார். கருவாட்டுப் பெண்கள் தலையில் கூடையோடு மூன்று மைல் சுற்றினார்கள். "இதில ஒழுங்கை எங்க இருக்கு?" என்று ஹோட்டல்காரர் காணிப் படத்தை விரித்தார். மர்ளியாவைக் கேலி செய்த பெரிய மனிதர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வெட்கக்கேடு!

மர்ளியாதான் வேலிக்குள்ளே கையை நீட்டினார்.

"அந்தா நிக்குது சபையின்ட விளக்கு. தனியாள் காணிக்குள்ள சபை விளக்குப் போடுமா?"

பழைய கூட்ட அறிக்கையைத் தேடி எடுத்தார்கள். கடற்கரை ஒழுங்கை, பொதுப் பாதை, விளக்கு ஒன்று. எல்லாம் எழுத்தில் இருந்தது. இரண்டு கிழமையில் வேலி கழன்றது. நண்டு மெம்பர் ஒரே நாளில் 'நம்மட மர்ளியா' ஆகிவிட்டார்.

அவ்வளவு பெருமை பேசுகிற ஊர், அந்த விளக்கு எரியாமல் போய் மூன்று மாதமாகியும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் மறுபடியும் இருட்டில் நடக்கிறார்கள். நேற்று மர்ளியாவே சபைக்குப் போனார். புதிதாக வந்த எழுதுவினைஞருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த ஒழுங்கையில வீடொண்டும் இல்லையே ராத்தா. என்னத்துக்கு விளக்கு?"

மர்ளியாவுக்கு முகம் சிவந்தது. எழுதுவினைஞர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்க ராத்தா," என்றார்.

"நீங்க முதல்ல எழுதுங்க தம்பி," என்றார் மர்ளியா. "எழுதி முடிச்ச பொறகு நான் இருக்கிறேன்."