அஸ்ஸார் எடுக்காத அளவு

கிராம்ஃபோர்ஸ் ஊர்ப் பக்கம் பைக் வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அஸ்ஸார் நோர்லிங்கைத் திட்டாமல் ஒருவரும் பேச்சை முடிக்க மாட்டார்கள். திட்டிவிட்டு, அவன் மாற்றிக் கொடுத்த பைக்கில் ஏறித்தான் வீட்டுக்குப் போவார்கள். மரம் அறுக்கும் ஆலையில் முப்பத்தோரு வருஷம் வெல்டராக இருந்தவன். சாயங்காலமும் சனி ஞாயிறும் கராஜில்தான் குடியிருப்பு. கம்பெனி செய்து அனுப்புகிற பைக் அவனைப் பொறுத்தவரை பாதி முடிந்த வேலை. "இத ஒரு சராசரி ஆளுக்குப் பண்ணிருக்கான். அந்த ஆள நான் இன்னும் நேர்ல பாத்ததில்ல" என்பான்.

அளவு எடுப்பதற்கு அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. எஞ்சின் கழற்றிய வெறும் ஃப்ரேம் ஒன்றைத் தரையில் நிறுத்தி, வந்தவரை அதன்மேல் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வான். கையைத் தளரவிட்டு முன்னால் நீட்ட வேண்டும். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஒரு கம்பை நிறுத்தி சாக்பீஸால் கோடு போடுவான். காலுக்கும் அப்படியே. கண்ணைத் திறந்திருந்தால் மனுஷன் எடுப்பாக உட்காரத்தான் பார்ப்பான், வலிக்காமல் உட்கார மாட்டான் என்பது அவன் கட்சி. முட்டி மடங்காத உருளைக்கிழங்கு விவசாயி ஒருவருக்கு ஃபுட்ரெஸ்ட்டை ஒரு முழம் முன்னால் தள்ளிக் கொடுத்தான். கசாப்புக் கடை ஹெல்மருக்கு வயிறு முந்திக்கொண்டு வந்தது. "உன் வயித்த வெட்ட எனக்கு லைசென்ஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு பெட்ரோல் டேங்க்கை வெட்டினான். பளபளப்புக்காகக் குரோமியம் பூசச் சொல்லி வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள். அவன் மனைவி ஆனெலி கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் பெட்டியைக் கட்டினாள். "மூணு ஊர்க்காரனோட கை நீளமும் உனக்கு அத்துப்படி. என் பொறந்தநாள் என்னிக்குன்னு சொல்லு பாப்போம்" என்று வாசலில் நின்று கேட்டாள். அவனால் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம், பக்கத்து வீட்டில் தனியாக இருந்த தங்கை மைலிஸ். மூன்று வயது இளையவள், வாய் மட்டும் முப்பது வயது மூத்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கிராமத்துத் தபால்காரி, வீடு வீடாகப் போய்க் கடிதத்தோடு வம்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவாள். பதினெட்டு வயதிலிருந்து பைக் ஓட்டினாள். அஸ்ஸார் முதன்முதலில் வெட்டி ஒட்டியதே அவள் பைக்கைத்தான், ஏனென்றால் அவளுக்குக் கால் எட்டாது.

நாற்பத்தேழாவது வயதில் அவள் இடது கால் படியில் தடுக்க ஆரம்பித்தது. நரம்பு வியாதி, இன்னும் மோசமாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மைலிஸ் அழவில்லை. அஸ்ஸார்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டான்:

"எந்தக் கால்னு சொன்னாரு? இடதா? கியரக் கைக்கு மாத்திரலாம்."

அந்தக் குளிர்காலம் கியர் கைக்கு வந்தது. அதற்கு மூன்றாம் வருஷம் இடது கை விரல்கள் பிடி கொடுக்கவில்லை. கிளட்ச் தானாக இயங்குகிற மாதிரி ஆக்கினான். பிறகு உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சைடுகார் பூட்டினான். பிரேக் இரண்டையும் வலது கையில் ஒரே பிடிக்குக் கொண்டுவந்தான். வியாதி ஒரு படி ஏறினால் இவன் ஒரு இரும்புப் பட்டை வைத்து வெல்டு செய்தான். எதற்கும் ஒரு கொக்கி, ஒரு பட்டை, ஒரு போல்ட் இருக்கும் என்று நம்புவது பைக் மாற்றுகிறவர்களுக்கே உரிய பைத்தியம். அஸ்ஸாருக்கு அது முற்றியிருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும், பனியில் வழுக்காதிருக்கச் சாலையில் தூவிய ஜல்லியைப் பெருக்கி எடுத்த மறுநாள் மைலிஸ் பைக்கில் ஏறினால் சரி, அந்த வருஷம் வியாதி தோற்றது என்று அவனுக்குக் கணக்கு.

அறுபதாவது வயதில், ஜூன் மாதம், மருத்துவ உபகரண மையத்திலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலி வந்தது. பனி விழும் வரை அஸ்ஸார் தினமும் அவளை அதிலிருந்து தூக்கி பைக்கில் வைப்பான். காலியான நாற்காலியின் முதுகில் தன் மேல்சட்டையை மாட்டிவிட்டு, சைடுகாரில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அந்தக் கோடையில் அவள் இரண்டு முறை தாமதமாகப் பிரேக் பிடித்தாள். ஒரு முறை முயல், ஒரு முறை ஹெல்மரின் வேலி. இரண்டு முறையும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர், "லைசென்ஸ் பத்திப் பேசணுமே" என்றபோது, "அடுத்த மாசம் பேசலாம்" என்று இவனே பதில் சொன்னான். ஆனால் மார்ச் மாதம், மைலிஸ் வீட்டில் இல்லாத ஒரு நாள் பார்த்து, சைடுகாரின் உள் விளிம்புக்கு அடியில் ஒரு பட்டனை ஒளித்து வைத்தான். அழுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். கால் பக்கம் ஒரு பிரேக் மிதியும் வைத்து, அதன்மேல் கம்பளியைப் போட்டு மூடினான். வாழ்நாளில் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் அவன் செய்த மாற்றம் அது ஒன்றுதான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை கிளம்பினார்கள். ஃபிளாஸ்கில் காபி, ஏலக்காய் ரொட்டி நாலு. ஆற்றங்கரைச் சாலையில் நல்ல வெயில். மைலிஸ் ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்திக்கொண்டே ஓட்டினாள். பாட்டு என்பது அவள் வாதம். பாலத்துக்கு முந்தின வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி வந்தது. பைக் மெல்ல மெல்ல நடுக்கோட்டைத் தாண்டியது. அஸ்ஸார் அவள் கையைப் பார்த்தான். விரல்கள் பிரேக்கின் மேல் இருந்தன, ஆனால் மடங்கவில்லை. பட்டனை அழுத்தி, மிதியை மிதித்து, எக்கி ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்தான். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாகப் போனது. பைக் சாலையோரப் புல்லில் ஏறி நின்றது.

மைலிஸ் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"எஞ்சின் ஏன் நின்னுச்சு?"

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்."

"எனக்கேவா கதை விடற? தண்ணி கலந்தா இருமும். இது கழுத்த நெரிச்ச மாதிரி நின்னுச்சு. கைய எடு, பாக்கறேன்."

அவன் கட்டைவிரல் இன்னும் பட்டனிலேயே இருந்தது. எடுத்தான். அவள் குனிந்து தடவிப் பார்த்தாள்.

"எப்ப வச்ச?"

"மார்ச்ல. உன் நல்லதுக்குத்தான் மைலிஸ்."

"என் நல்லதுக்குச் செஞ்சிருந்தா எங்கிட்ட காட்டிருப்ப. ஒரு நட்டு மாத்தினாக்கூட நாலு தடவ கூப்பிட்டுக் காட்டறவன் நீ. நான் ஓட்ட முடியாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் தூக்கி உக்கார வச்சிருக்க."

அவள் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா பயமா இருக்கு, அஸ்ஸார்."

"என்னது?"

"பயமா இருக்குன்னு சொன்னேன். போன வருஷம் பூரா ஒவ்வொரு வளைவுலயும் இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேதான் ஓட்டினேன். பாட்டா பாடறேன்னு நெனச்ச? பயத்துல கத்தினேன்."

"அப்புறம் ஏன் ஓட்டின? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? அக்டோபர் பொறந்தா அளவெடுக்கச் சாக்பீஸத் தூக்கிட்டு வந்து நிப்ப. மத்த நாளெல்லாம் செத்த மீன் மாதிரி இருக்கற மூஞ்சி, அன்னிக்கு மட்டும் சிரிக்கும். ஆனெலியும் போயிட்டா, ஆலையும் உன்ன வீட்டுக்கு அனுப்பிருச்சு. சரி, இவனுக்காக இன்னும் ஒரு கோடை ஓட்டித் தொலைப்போம்னு ஓட்டினேன்."

"நான் உனக்காகப் பண்ணேன்" என்றான் அஸ்ஸார். "நிறுத்தினா நீ படுத்துடுவியோன்னு..."

"தெரியும்டா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தறேன்னு லாரில போய் விழப் பாத்தோம்."

அஸ்ஸார் சைடுகாரிலேயே குனிந்து உட்கார்ந்து அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அந்தச் சின்னத் தொட்டிக்குள் குலுங்கியது பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வழியே போன காரொன்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. மைலிஸ் அவன் தலையில் கை வைத்தாள். கை நழுவியது, மறுபடி வைத்தாள்.

"நான் என்ன செய்யணும்? சொல்லு, செய்யறேன்" என்றான்.

"அந்த நாற்காலிய ஏதாவது பண்ணு."

"எந்த நாற்காலி?"

"எந்த நாற்காலியா? நாளுக்குப் பதினாலு மணி நேரம் நான் உக்காந்திருக்கேனே, அது. சீட்டு எனக்கும் ஹெல்மருக்கும் சேர்த்துப் பண்ண மாதிரி இருக்கு. இடுப்பு ஒரு பக்கம் விழுது. இடது தொடையில புண்ணு வந்து ஆறி, மறுபடி வந்திருக்கு. கால்பலகை உசரம். பதினோரு மாசமா தலகாணிய வச்சு ஒப்பேத்திட்டிருக்கேன்."

தலையணைகளை அவன் பார்த்திருந்தான். மெத்தென்று இருக்கட்டும் என்று வைத்துக்கொள்கிறாள் என நினைத்திருந்தான். பதினோரு மாதமாக அந்த நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கியவன் அவன்தான். தூக்கிய கைக்கு அவள் சாய்ந்திருப்பது தெரியாமல் போனதை அவனால் நம்ப முடியவில்லை. உலகத்தில் எந்த முட்டாளுக்கும் இப்படி நடக்காது என்று தோன்றியது.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல" என்றாள்.

அவளைச் சைடுகாருக்கு மாற்றிவிட்டு அவன் ஓட்டினான். அவளுக்காகவே வெட்டிய பைக். அவன் முட்டி இரண்டும் ஹேண்டில்பாரில் இடித்தன. வீடு வரை இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

மாற்றங்கள் செய்யக் கூடாது, இது மையத்தின் சொத்து என்று நாற்காலியின் அடியில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. அஸ்ஸார் அந்த வாரமே நாற்காலியைக் குறுக்கே அறுத்தான். சீட்டை நாலு விரல் குறுக்கி, இடது பக்கத்தை உயர்த்தி, கால்பலகையை இறக்கினான். மைலிஸ் அதில் உட்கார்ந்து, வலது கையால் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வலிக்கல" என்றாள். அவ்வளவுதான். ஜூலைக்குள் தொடைப் புண் ஆறிவிட்டது. பைக்கை அவன் கழற்றிப் பெட்டிகளில் போட்டான். அந்த அக்டோபரில் அவளிடம் சாக்பீஸோடு போய் நிற்கவில்லை. சும்மா போய் உட்கார்ந்து வம்பு பேசிவிட்டு வந்தான். ஒன்பது மாதம் அவள் அந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். பிப்ரவரியில் நுரையீரலில் சளி கட்டி, நாலே நாளில் இறந்துபோனாள்.

மார்ச் மாதம் உபகரண மையத்திலிருந்து தில்டா என்ற இளம்பெண் வேனில் வந்தாள். கடன் கொடுத்த பொருளைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் பார்த்தவள் வெல்டு போட்ட இடங்களைத் தடவினாள்.

"இத யாரு வெட்டினது?"

"நான்தான். திட்டறதா இருந்தா திட்டும்மா."

"திட்டல. ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. ஆனா இனிமே வேற யாருக்கும் குடுக்க முடியாது, பொருந்தாது. பழைய இரும்புக்குத்தான் போகும்."

அவன் தலையாட்டினான். இதையெல்லாம் ஒரு வருஷம் முன்னாலேயே மையத்தில் கேட்டிருந்தால் செய்திருப்பார்களா என்று கேட்டான். கேட்டிருக்கவே கூடாது. தில்டா கையிலிருந்த திரையில் மைலிஸின் பெயரைத் தேடிப் படித்தாள்.

"நாங்களே கேட்டிருக்கோமே. நாற்காலி குடுத்த அடுத்த மாசமே போன் பண்ணிருக்கோம். சீட்டு அகலம், இடுப்பு சாயுதுன்னு சொல்லிருக்காங்க. ஆள் அனுப்பவான்னதுக்கு வேணாம்னுட்டாங்க."

"ஏன் வேணாமாம்?"

அவள் திரையைப் பார்த்து அப்படியே வாசித்தாள்: "'எங்கண்ணன் இந்த வேலைதான் பண்றான். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாத்தாலே அவனுக்குத் தெரிஞ்சிரும். இந்த வாரம் இல்லன்னா அடுத்த வாரம் அவனே பண்ணிருவான்.'"

"என்னிக்கு சொன்னா?"

"ஜூலை ஒன்பது."

ஜூலையிலிருந்து மே வரை எத்தனை வாரம் என்று அஸ்ஸார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். தில்டா நாற்காலியை மடக்கப் பார்த்தாள். குறுக்கே வெல்டு இருந்ததால் அது மடங்கவில்லை. அவன் எண்ணுவதை விட்டுவிட்டு, மறுமுனையைப் பிடித்து அவளோடு வேனில் தூக்கி வைத்தான்.