பிள்ளைகள் கையில் சிவப்புப் பேனா

உடையார்பாளையம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். பிள்ளைகளை நம்பக் கூடாது என்பதுதான் என் கொள்கை. தேர்வு நாளில் உள்ளங்கையை விரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவேன்.

புதிதாக வந்த அறிவியல் டீச்சர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே சிவப்புப் பேனாவைக் கொடுத்து, மாதத் தேர்வில் அவரவர் தாளை அவரவரே திருத்தச் சொன்னார்.

"இதுங்க மார்க்கை அள்ளிப் போட்டுக்கும் டீச்சர்" என்றேன்.

"போட்டுக்கட்டும் சார். அவுங்களுக்கே ஒருநாள் கூச்சம் வரும்ல?"

எனக்குச் சந்தேகம். தேர்ச்சியைக் கூட்டிக் காட்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாரோ? அவர் வகுப்புக்குப் போனதும், தலைமையாசிரியரிடம் காட்டிக்கொடுக்கும் எண்ணத்தோடு அவர் மேசையில் இருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். வரிவரியாகத் துருவியும் ஒரு மார்க்கூட அதிகமில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, சரியான விடைக்கே பூஜ்யம் போட்டு, "பக்கத்துல பாத்து எழுதினேன்" என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

நிமிர்ந்தால் டீச்சர் வாசலில் நிற்கிறார்.

"ஏதாவது தப்பு இருக்குங்களா சார்?"

தாள்களை அடுக்கிக் கட்டி, அவர் மேசையிலேயே வைத்தேன்.

அடுத்த வாரம் அதே வகுப்பில் கணக்குத் தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னேன். பாதிப் பேர் தப்பான விடையை அடித்துத் திருத்தி முழு மார்க் போட்டிருந்தார்கள். அந்த முதல் பெஞ்சுப் பெண்ணும்தான்.

'நான் அப்போதே சொன்னேனே' என்று வாய்வரை வந்தது. ஆனால், அறிவியல் பீரியடில் உண்மையாக இருந்தவள், என் பீரியடில் திருடக் கற்றிருக்கிறாள். அந்தப் பாடத்தை நடத்தியவன் நான்தான்.