முதல்லேருந்து சொல்றேன்

"உங்க கடைக்கு வர்ற வண்டி…"

"லேட்டாகும்ங்கறீங்களா?" என்று எதிர்முனையில் மருந்துக்கடைக்காரர் குறுக்கே விழுந்தார்.

"உங்க கடைக்கு வர்ற வண்டி…"

"இன்னைக்கு வரவே வராதா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"முதல்லேருந்து சொல்றேன். உங்க கடைக்கு வர்ற வண்டி…"

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம்தான் வாக்கியம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது: "…உங்க வாசல்லதான் நிக்குது. வந்து ஷட்டரைத் தூக்குங்க."

தட்டக்காவின் பேச்சு மெதுவானது. ஒவ்வொரு சொல்லும் தொண்டையில் கிளம்பி, தாடையைச் சமாதானப்படுத்தி, உதட்டைத் தாண்டுவதற்குள் கேட்பவருக்குப் பொறுமை போய்விடும். மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். உதவி செய்கிறோம் என்று நினைப்பு. அப்படி யார் முடித்துவைத்தாலும் இவர் மறுபடி முதல் சொல்லுக்குப் போய்விடுவார். சரியாகவே முடித்திருந்தாலும் போவார். பெற்ற அம்மாவுக்கும் இதில் சலுகை கிடையாது. "நான் ஆரம்பிச்சதை நான்தான் முடிப்பேன்" என்பது அவர் கட்சி.

அவர் பேச்சை இங்கே இழுத்து இழுத்து எழுதிக்காட்டப் போவதில்லை. வாசிப்பவர் கொஞ்சம் நிதானமாக வாசித்துக்கொண்டால் போதும்.

பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சு எட்டாமல் போனதில் வந்த வாதம். கைகள் அவரைக் கேட்காமலே எழும். ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் துள்ளும். அந்தக் கைகளை வைத்துக்கொண்டுதான் வணிகவியலில் பட்டம் வாங்கினார். பரீட்சை எழுத ஆள் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று விசைப்பலகையில் தானே தட்டி எழுதினார். அந்த வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் முதல் பட்டம் வெறும் காகிதமாக இருப்பதில்லை, சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் "என்ன, பார்த்தாயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டத்துக்கு அடுத்தபடி அந்த வீட்டின் பெருமை, தட்டு. தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. அலுமினியத் தகட்டை அறுத்து, விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஓர் ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பெல்லாம் விரலைக் கிழிக்காதபடி ராவிக் கொடுத்தான். அதை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டால் கை எப்படித் துள்ளினாலும் உலோகத்தில்தான் மோதும். விரல் ஓட்டைக்குள் இறங்கினால்தான் எழுத்து விழும். அதனால் தப்பெழுத்து என்பது அவரிடம் அபூர்வம். வண்டி ஓட்டுநர்கள் அந்தத் தட்டைப் பார்த்துத்தான் 'தட்டக்கா' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

வேலை, மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புகிற நிறுவனம் ஒன்றின் அனுப்பும் அறையில். எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பது அவர்தான். பழைய மென்பொருள் பார்க்க அழகில்லாதது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. வண்டி எண்ணைத் தட்டு, பாதை எண்ணைத் தட்டு, எண்டர். "நிச்சயமா?" என்று ஒருமுறை கேட்கும். ஆமாம் என்று இன்னொரு தட்டு. முடிந்தது. எந்த வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எந்த ஓட்டுநர் எந்தத் தெருவில் மாமியார் வீட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"தட்டக்கா, அந்தச் சந்துப் பாதையை எனக்குப் போடாதீங்க. வண்டி திரும்பவே மாட்டேங்குது" என்பார், ஐஸ் வைத்து மருந்து கொண்டுபோகும் குளிர்வண்டியின் ஓட்டுநர்.

"வண்டி திரும்பும். நீதான் கழுத்தைத் திருப்ப மாட்டே."

அப்புறம் புது மென்பொருள் வந்தது. பலூன் கட்டி வரவேற்றார்கள். திரையில் வண்டிகள் வண்ண வண்ணக் கட்டங்களாக நின்றன. மவுஸால் ஒரு வண்டியைப் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டுபோய், பாதைக் கட்டத்துக்குள் போடவேண்டும். வேறு வழி கிடையாது.

"கீபோர்டுல எப்படிப் போடறது?" என்று கேட்டார் தட்டக்கா.

"கீபோர்டே தேவையில்ல மேடம். அதுதான் இதோட அழகே!" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். "உங்களுக்காகவே ஸ்பெஷலா ஒண்ணு வெச்சிருக்கோம்" என்று திரையின் மூலையைக் காட்டினார். சக்கர நாற்காலிப் படம் போட்ட சின்ன வட்டம். அமுக்கினால் எழுத்து பெரிதாயிற்று.

"எழுத்து எனக்கு நல்லாவே தெரியுது" என்றார் தட்டக்கா.

எல்லாருக்கும் உகந்த மென்பொருள் என்று அதற்கு ஒரு சான்றிதழ் வேறு. சட்டம் போட்டு மேலாளர் அறையில் மாட்டியிருந்தார்கள். சான்றிதழ் கொடுத்தவர்கள் கை துள்ளுகிற ஒரே ஒருவரையாவது உட்காரவைத்துப் பார்த்தார்களா என்று அந்தச் சட்டத்தைத்தான் கேட்கவேண்டும்.

மேலாளரிடம் சொன்னார். "பார்க்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தார். "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார். அதுவரை இடதுகையால் வலதுகை மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக, பொங்கி வழிகிற பாத்திரத்தைத் தூக்கிப் போவதுபோல இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் தோள்பட்டை தூக்கமுடியாமல் கனக்கும்.

ஒருநாள் குளிர்வண்டியை இழுத்துப்போகும் வழியில் கை துள்ளியது. கட்டம் நழுவி எங்கோ விழுந்தது. எங்கே என்று பார்ப்பதற்குள் திரை அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. "நிச்சயமா?" என்று அது கேட்கவில்லை. கேட்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள், வேகமாம்.

மத்தியானம் ஓட்டுநர் கூப்பிட்டார். "தட்டக்கா, இங்க பூட்டு தொங்குது. ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்கு என்னை இங்க அனுப்புனீங்க?"

கட்டம் போய் விழுந்த இடம், நிறுவனத்தின் வடக்குக் கிடங்கு. அன்றைக்கு விடுமுறை. பக்கத்து ஆஸ்பத்திரிவரை மட்டும் தாங்குகிற அளவுக்கு ஏற்றியிருந்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகியிருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குப் போகவேண்டிய ஊசி மருந்து பெட்டி பெட்டியாகக் குப்பைக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றவர்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள். அதை நினைத்து அன்றிரவு தட்டக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணை நடந்தது. மென்பொருளை யாரும் விசாரிக்கவில்லை. கையைத்தான் விசாரித்தார்கள்.

"உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார் மேலாளர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு. "வரவேற்புல உட்காருங்க. அதே சம்பளம். நிம்மதியா இருக்கலாம்."

"எனக்கு நிம்மதி…"

"வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க."

"எனக்கு நிம்மதி…"

"உங்க நல்லதுக்குத்தாம்மா." தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"முதல்லேருந்து சொல்றேன்" என்றார் தட்டக்கா. "எனக்கு நிம்மதி அந்த மேஜையிலதான்." முடித்தபோது எதிரில் காலி நாற்காலி மட்டுமே இருந்தது. நாற்காலியிடம் சொல்லித்தான் முடித்தார்.

வரவேற்பில் ஒரு பூஜாடி, ஒரு சோபா, ஒரு தொடுதிரை. வருகிறவர் பெயர், நிறுவனம், யாரைப் பார்க்க வந்தார் என்றெல்லாம் வரவேற்பாளர் அந்தக் கண்ணாடியில் விரலால் தட்டிப் பதியவேண்டும். பதிந்தால் அட்டை வரும். அட்டையைக் காட்டினால்தான் உள்கதவு திறக்கும். கண்ணாடியில் ஓட்டையும் கிடையாது, தட்டு வைக்க இடமும் கிடையாது. விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். கொஞ்சம் தாமதித்தால் பதிந்ததெல்லாம் அழிந்து, 'நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்' என்று வந்து நிற்கும். கை வழங்காதவரைக் கொண்டுவந்து உட்காரவைக்க நிறுவனம் தேடிப்பிடித்த இடம் அது!

"குடுங்கம்மா, நானே போட்டுக்கறேன்" என்று வருகிறவர்கள் திரையை வாங்கிக்கொண்டார்கள். பூஜாடிக்குத் துணையாக இன்னொரு ஜாடி. ஆனாலும் தட்டைத் தினமும் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அடியில் விசைப்பலகை இல்லாவிட்டாலும் மேஜைமேல் எடுத்துவைத்துக்கொண்டார்.

"விட்டுத் தொலைக்கா" என்றான் தம்பி. "சும்மா உக்காந்திருக்கத்தானே சம்பளம் குடுக்கறான்? வாங்கிக்க."

"சும்மா உக்காரவாடா அத்தனை ஓட்டை போட்டுக் குடுத்தே?"

தம்பி தட்டை எடுத்துத் துடைத்து அவர் பையில் வைத்தான்.

அந்த மென்பொருளை எல்லாக் கிளைகளுக்கும் வாங்குவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். அதைச் செய்த நிறுவனத்தின் தலைவர் கையெழுத்துக்காக நேரிலேயே வந்தார். நல்ல கோட்டு, நல்ல வாசனை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அவசரம்.

"சீக்கிரம்மா, உள்ள காத்துக்கிட்டிருக்காங்க."

தட்டக்கா பெயரைக் கேட்டார். விரலைக் கண்ணாடியில் வைத்தார். துள்ளியது. அழித்துவிட்டு மறுபடி வைத்தார். 'நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்.'

"குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று தலைவர் கையை நீட்டினார்.

தட்டக்கா அன்றைக்குத் திரையைக் கொடுக்கவில்லை. முழங்கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என் வேலை."

"இல்லம்மா, உங்களுக்கு எதுக்கு…"

"இந்தப் பொட்டி…"

"பழகலையா இன்னும்?"

"இந்தப் பொட்டி…"

"நெட் ஸ்லோவா இருக்கா?"

"முதல்லேருந்து சொல்றேன். இந்தப் பொட்டி…" தலைவர் வாயை மூடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முடித்தார்: "…உங்க கம்பெனி செஞ்சது."

உள்ளிருந்து மேலாளர் ஓடிவந்தார். "என்னம்மா பண்றீங்க? யார்னு தெரியுமா? உள்ள விடுங்க!"

"அட்டை இல்லாம கதவு திறக்காது. நீங்க போட்ட சட்டம்."

தலைவருக்கு வேறு வழியில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தபிறகு தட்டக்கா பேசினார், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக.

"நீங்க செஞ்ச இன்னொண்ணு உள்ள இருக்கு. அதுல வண்டியை இழுக்கச் சொல்றீங்க. பழசுல நான் நம்பரைத் தட்டினேன், எண்டரைத் தட்டினேன். அதை எடுத்துட்டீங்க. நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சு. அதையும் எடுத்துட்டீங்க. மருந்து வீணாப் போச்சு. என் கையைக் குத்தம் சொல்றாங்க. என் கை பொறந்ததுலேருந்து இப்படித்தான். எழுதியே குடுத்தேன். எடுத்ததைத் திருப்பி வைங்க."

"புரியுதும்மா" என்றார் தலைவர். "ஆனா ஒருத்தருக்காக மொத்தத்தையும்…"

"மாத்த முடியாது" என்றார் தட்டக்கா.

இன்னொருவர் வாக்கியத்தை அவர் முடித்துவைத்தது அந்த ஒரு தடவைதான். தலைவரின் முகம் சுருங்கியது. "நான் இன்னும் முடிக்கல" என்றார்.

"பாத்தீங்களா, எப்படி இருக்கு?"

ரசீதில் கையெழுத்து வாங்க வந்து ஓரமாக நின்றிருந்த குளிர்வண்டி ஓட்டுநருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஒருத்தருக்கா சார்? குளிர்பெட்டியில கையை விடறதால நாங்க நாள் பூரா கையுறை போட்டிருக்கோம். வண்டியில வெச்சிருக்கற உங்க ஸ்கிரீனைத் தேய் தேய்னு தேய்க்கறேன், அசைய மாட்டேங்குது. கடைசியில மூக்கால அமுக்கறேன் சார்! என்னை எந்த லிஸ்ட்ல சேர்ப்பீங்க?"

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. யாருடைய மனமும் இளகிவிடவில்லை. துள்ளாத கையும் ஒருநாள் தவறும், இன்னொரு வண்டி மருந்தும் குப்பைக்குப் போகும் என்று உள்ளே யாரோ ஒருவருக்கு உறைத்தது, அவ்வளவுதான். திருத்திக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

திருத்தி வந்தது. விசைப்பலகை வழி இருந்தது. ஆனால் அந்த வழியைத் திறக்க, தினமும் காலையில் மூலையிலிருக்கும் சக்கர நாற்காலிப் படத்தை மவுஸால் அமுக்கவேண்டும்! தட்டக்கா தொலைபேசியை எடுத்தார். "முதல்லேருந்து சொல்றேன்" என்றார். அந்த நிறுவனத்தில் போனை எடுக்கிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். அதுவும் ஒருவழியாக மாறியது. "நிச்சயமா?" என்ற கேள்வியும் திரும்பி வந்தது. அவருடைய மேஜையும் வந்தது.

மேலாளர் கூட்டம் போட்டு அறிவித்தார்: நம் நிறுவனம் தன் ஊழியர் ஒருவருக்காக இவ்வளவு பெரிய சலுகை செய்திருக்கிறது. கைதட்டினார்கள். ஒருவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அவரை மூலையில் உட்காரவைத்து, அலையவிட்டு, கடைசியில் அதையே திருப்பிக் கொடுத்தால் அதற்குச் சலுகை என்று பெயராம்! தட்டக்கா கைதட்டவில்லை. கை அதுவாகத் துள்ளியபோதும் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

மறுநாள் தம்பியைக் கூட்டிவந்தார். அவன் துளைபோடும் எந்திரத்தை எடுத்து மேஜையில் வைத்ததும் கட்டடப் பராமரிப்பாளர் பதறி வந்தார்.

"மேஜையில ஓட்டை போடக்கூடாதுக்கா. ஆபீஸ் சொத்து."

"இந்தத் தட்டு…"

"நகராம இருக்கவா?"

"இந்தத் தட்டு…"

பராமரிப்பாளர் பழைய ஆள். தெரிந்துகொண்டு நிறுத்தினார்.

"…நகராது. இனிமே நானும்தான்" என்று முடித்தார் தட்டக்கா. "போடுடா."

இப்போது அவர் அனுப்பும் அறையில், ஜன்னலோர மேஜையில்தான் வேலை பார்க்கிறார். விசைப்பலகையும் தட்டும் திருகாணிகளால் மேஜையோடு முடுக்கப்பட்டிருக்கின்றன. தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும், திரையைத் திறக்குமுன், தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்க்கிறார்.