ஆறு மடக்கு அடுப்பும் அரை அங்குல ஆணியும்

இரும்புக் கடையில் ஆணி கேட்டு வருகிறவருக்கு ஆணியை நிறுத்துக் கொடுத்துவிடலாம். யோசனை கேட்டு வருகிறவருக்கு எதைக் கொடுத்தாலும் அது நம் தலையில்தான் விடியும். கடைப் பலகைக்கு உள்பக்கம் நின்று கால் வீங்கிய என் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில், கோலார் தங்க வயலில், ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் என் மாமனாரின் இரும்புக் கடையில் நான் நின்றேன். வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாட்டுக்குக் குறையில்லை, பேச்சுக்குத்தான் மதிப்பில்லை. எதை வாங்குவது, எதை விற்பது என்பதெல்லாம் மாமா முடிவு. ஆணி நிறுப்பது நான். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை சொந்தப் புத்தியில் சரக்கு வாங்கினேன். அந்த லட்சணத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

தூக்கிப் பார்த்து வாங்கியது

டெஸ்மண்ட் எங்கள் பழைய வாடிக்கைக்காரர். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு, கேஜுக்கு, எஞ்சின் டிரைவர். ஆங்கிலோ இந்தியர், எங்கள் ஊர்த் தமிழ் எங்களைவிட அவருக்கு நன்றாக வரும். வருஷா வருஷம் குடும்பத்தோடு பேத்தமங்கலம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவார். ஆஸ்திரேலியாவுக்கே குடிபோகக் காகிதம் வந்துவிட்டது, ஏரிக்கரைக்கு இதுதான் கடைசி முறை, அங்கே ஸ்டேக் சுட எடுத்துப் போகிற மாதிரி ஒரு கரி அடுப்பு வேண்டும் என்றார். ஸ்டேக் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு விரல் கனத்துக்கு வெட்டிய மாட்டுக்கறி என்றார். நாங்கள் சைவம். முகத்தில் எதுவும் காட்டாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். கடையில் இருந்தது மண் பூசிய பக்கெட் அடுப்பு ஒன்றுதான். வண்டி குலுங்கினால் மண் பெயர்ந்துவிடும்.

போல்ட்டு நட்டு எடுக்கப் பெங்களூர் போனபோது ஒரு பட்டறையில் மூன்று தினுசு பார்த்தேன். ஒன்று வார்ப்பிரும்பு, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொன்று மூடி போட்ட உருண்டை. பார்க்க அண்டா மாதிரி இருந்தது. மூன்றாவது தகரம். நாலு காலையும் மடக்கி, கம்பி வலையை உள்ளே வைத்துச் சாத்தினால் கைப்பெட்டி ஆகிவிடும். கனத்த சாமான்தான் நல்ல சாமான் என்பது இரும்புக் கடையின் பால பாடம். எனக்கு அன்றைக்கு அது மறந்து போயிற்று. தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன், சுகமாக இருந்தது. டெஸ்மண்டைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கேட்பார்கள் என்று ஆறு வாங்கிவிட்டேன்.

மாமா ஒன்றை விரித்தார், மடக்கினார், மறுபடியும் விரித்தார். கோபப்படவில்லை. ஆறும் விற்றால் இனிமேல் பெங்களூர் கொள்முதல் முழுக்க உங்கள் பொறுப்பு, விற்காவிட்டால் ஆணித் தராசோடு இருந்துகொள்ளுங்கள் என்று பதமாகச் சொன்னார். என் மானம் அந்த ஆறு தகரப் பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகும்போது ஒன்று கேட்டார். "கேக்கறவங்களுக்குச் சொல்ல இதுக்கு ஒரு பேராச்சும் கீதா, மாப்ளே?"

கத்திரிக்காய்ப் பரீட்சை

மடக்கு அடுப்பு என்று நானே பேர் வைத்தேன். டெஸ்மண்ட் வந்து பார்த்தார். ஆழத்தில் இருக்கிற கேஜை, மேலே உட்கார்ந்தபடியே ஒரு அங்குலம் பிசகாமல் நிறுத்துகிறவர். கேள்வியும் அங்குலத்தில்தான் வந்தது. கரிக்கும் வலைக்கும் நடுவே எத்தனை அங்குலம்? கொழுப்பு சொட்டினால் தீ மேலே ஏறுமா? ஏரிக்காற்றுக்குக் கரி அணைந்து போகாதா? தகரம் சூடேறினால் வளையுமா? எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரிந்திருந்தால் நான் கடைக்காரனாக ஆகியிருக்கவே மாட்டேன். நேரிலேயே காட்டுகிறேன் என்றேன்.

கடை வாசலில் அடுப்பை விரித்து, கரி போட்டு, வலைமேல் நாலு கத்திரிக்காய் வைத்தேன். வேறு எதை வைப்பேன்? கூட்டம் கூடியது. தோல் கருகி வெடித்தது, வாசனை தெருமுனை வரை போயிற்று. காம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மாமாவே கடைப்படி இறங்கி வந்து பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். டெஸ்மண்ட் கடைசி வரை பொறுமையாக நின்று பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "கத்திரிக்கா ஷோக்கா கீது தம்பி. ஆனா கறிக்கு காம்பு கெடையாதே, எதப் புடிச்சி திருப்பறது?"

ஸ்கெலட்டன் லைனிலிருந்து வந்தவர்

டெஸ்மண்ட் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் மடக்கு அடுப்பைப் பற்றி விசாரித்தது ஒரே ஒருவர். ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டுக்காரம்மா, ஷிப்ட் முடித்து வரும் புருஷனுக்குச் சூடாகச் சமைத்துப் போடுகிறவர். ஒற்றை அறை வீட்டில் மடக்கி மூலையில் வைக்கலாம், கரி கொஞ்சம் போதும், பிள்ளைகள் காலில் இடறாது என்று எனக்குத் தெரிந்த பெருமையெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் பூராவும் கேட்டுக்கொண்டார். காலை ஆட்டிப் பார்த்தார். வலையில் விரலை விட்டுப் பார்த்தார். கையில் இருந்த சோற்றுக் குண்டானைக் காட்டினார். வைத்துப் பார்க்கட்டுமா என்றார். வைத்தார். நாலு காலும் நாலு திசைக்கு நகர்ந்தன. குண்டானை நான்தான் தாவிப் பிடித்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவம் பார்க்கிற குரலில் பேசினார். "சோறு வெக்க முடியாதத அடுப்புன்னு யாருண்ணா உங்ககிட்ட சொன்னது?"

காவல் கொட்டகையில் ஒரு பிரார்த்தனை

ஏரிக்குப் போவதற்கு முதல்நாள் டெஸ்மண்ட் வந்து, வேறு வழியில்லை, ஒன்று கொடு என்றார். அவர் சொன்ன குறைகளை மனசில் வைத்து, கறியைத் திருப்ப ஒரு நீள இடுக்கியும், காற்றுக்குக் கரி அணையாமல் இருக்க ஒரு சின்னத் துருத்தியும் சும்மாவே சேர்த்துக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து, டெஸ்மண்ட் குடும்பத்தை ஊர் எல்லையில் சுரங்கக் காவல்காரர்கள் வண்டியோடு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அடுப்பு விற்ற ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் தங்கக் கல்லைத் திருடி வெளியே கொண்டுபோய், ஆள் இல்லாத இடத்தில் உருக்குகிற ஆசாமிகள் உண்டு. அவர்களிடம் இருப்பது என்ன? கரி, துருத்தி, நீள இடுக்கி. நல்ல குடும்பத்துக்குத் திருடன் சாமானைப் பொட்டலம் கட்டி நானே கொடுத்திருக்கிறேன்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். காவல்காரர் முனிரத்தினம் மேஜைமேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். இதில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கறி சுடுவார்கள் என்றேன். சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்றார். கத்திரிக்காய் சுட்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்படியானால் என் முன்னால் சுட்டுக் காட்டுங்கள் என்றார். டெஸ்மண்டின் மனைவி ஐரீன் எனாமல் டப்பாவைத் திறந்தார். மிளகும் காடியும் தடவி, முந்தின நாளே ஊறவைத்த ஆறு துண்டு. ஏரிக்கரையில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட அவர் பக்குவம் செய்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. அவர்கள் இரண்டு நாள் சந்தோஷத்தை நான் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

மூன்று துண்டு வலைமேல் ஏறியது. வெயிலில் நின்று, வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத நான், முருகா, இந்த மாட்டுக்கறி நல்லபடியாக வேகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொழுப்பு சொட்டியது, தீ ஒரு முழம் எழுந்தது. தகரம் சிவந்தது. முதலில் ஒரு கால் வளைந்தது, பிறகு மரியாதைக்குக் கும்பிடுகிற மாதிரி அடுப்பே முன்பக்கம் சாய்ந்து, மூன்று துண்டும் சாம்பலில் விழுந்தன. முனிரத்தினம் ஒரு துண்டை என் இடுக்கியால் தூக்கி, மேலே கருகி உள்ளே பச்சையாக இருந்ததைப் பார்த்தார். பிறகு பையையெல்லாம் வண்டியில் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். "போங்க. கறியே வேவாத அடுப்புல தங்கம் எங்க உருகப் போவுது?"

டெஸ்மண்ட் திருப்பிக் கொடுத்தது

நிரபராதி என்று தீர்ப்பு வந்ததில் டெஸ்மண்டுக்கு லாபம், எனக்கு நஷ்டம். தீர்ப்பு எனக்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டை வந்து சேர்ந்துவிட்டது. ஆணி வாங்க வருகிறவர்கள்கூட, கறி வெந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் ஆணி கேட்டார்கள்.

அடுத்த வாரம் டெஸ்மண்ட் வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். வளைந்த அடுப்பைப் பலகைமேல் வைத்தார். ஏரிக்கரையில் மூன்று கல்லை அடுக்கி, அதன்மேல் வலையை மட்டும் போட்டு, மிச்சமிருந்த மூன்று துண்டை ஆளுக்குப் பாதியாகச் சுட்டார்களாம். ஐரீன் அழுதுவிட்டாராம்; கறிக்காக இல்லை, ஏரியை விட்டுப் போகிறோமே என்று. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் படி இறங்கினார். "வலைய மட்டும் நான் கொண்டு போறேன் தம்பி. கல்லு அங்கியும் கெடைக்கும்."

அரை அங்குல ஆணி

ஆக, ஆறும் கடைக்கே வந்து சேர்ந்தன. மாமா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வளைந்த காலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, ஆறையும் என் தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு ஆணியைக் கொட்டினார். அடியில் காற்றுக்குப் போட்ட ஓட்டை வழியே அரை அங்குல ஆணி மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைப் பொறுக்குவதும் என் வேலையாயிற்று. பெங்களூருக்கு மாமாவே போய் வந்தார். அங்கிருந்து அவர் என்ன வாங்கி வந்தார் என்று நான் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் போயிருக்கும். பக்கத்து ஊரான ஊரிகத்திலிருந்து ஒரு தச்சர் வந்தார். ஆணி கேட்டவர், ஆணியைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்தார். மடக்கலாமா என்றார். மடக்கிக் காட்டினேன். உளி, சுத்தியல் வைத்துக்கொள்ள இதைவிட லேசான பெட்டி இல்லை, மரத்தூள் ஓட்டை வழியே தானே கொட்டிவிடும், எனக்கு ஒன்று, கூட வேலை செய்கிறவர்களுக்கு ஐந்து, ஆறையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆணித் தராசைக் கீழே வைத்தேன். ஆறும். ஒரே ஆளுக்கு. மாமா சொன்ன வார்த்தை மாமாவுக்கு ஞாபகம் இருக்குமா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் தச்சருக்குப் பதில் சொன்னார். "அது சரக்கு இல்லப்பா, கடை சாமான். அத்த குட்த்துட்டா எங்க மாப்ள ஆணிய எதுல கொட்டி விப்பாரு?"

இரும்புக் கடையில் நின்று நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எந்தச் சரக்குக்கும் ஒருநாள் ஆள் வந்தே தீரும், அன்றைக்கு அது சரக்காக இருக்காது.