பச்சை அடித்த இடம்

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்திலிருந்து இறங்கி, மோனோரயில் பாதைக்குக் கீழே நிலையத்தைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் ஒரு பச்சை ஒட்டுத்தாள். மண்டபத்தில் நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனத்துக்காகத்தான் உள்ளே போனேன், பொய் சொல்வானேன். வாசலில் நின்ற பெண் அந்தத் தாளையும் பேனாவையும் கையில் திணித்து, "அங்கிள், மேப்ப பாருங்க, மனசுல பட்டத எழுதி ஒட்டுங்க லா" என்றாள். நல்ல பெண். மேப்பின் பக்கத்தில் போனதும், புதிதாக அச்சான பெரிய தாளின் மை வாசனை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டேன். பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வாசனையை எனக்குப் பழக்கியவர் குணா சார்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாவதோடு, பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை, அம்பாங்கில் கார் கழுவும் இடம், போர்ட் கிள்ளானில் கிடங்கு என்று எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. படுக்க இடம் கிடைத்த ஊர்தான் என் ஊர். அரசாங்கத்துக்குத் திட்ட வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் குணா சார் அதிகாரி. கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்தவர், "மலாய் படிப்பியா? தமிழ்ல வெளக்கிச் சொல்வியா? நாள் பூரா நடப்பியா?" என்று கேட்டார். மூன்றாவதில் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆற்றோரம் ஒரு கம்பம், சின்னக் குடியிருப்பு. நாற்பத்தொரு வீடுகள், எல்லாம் பலகையும் தகரமும். ரயில்வேயிலும் சாலை வேலையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். சில சீனக் குடும்பங்களும் உண்டு. யாரிடமும் நிலப் பத்திரம் கிடையாது. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணி, பாரத்தில் எழுதி, கதவில் சிவப்புப் பெயின்டில் எண் போடுவது என் வேலை. பத்திரம் இல்லாதவர்களுக்கு அரசாங்க எண் என்றால் சும்மாவா? பெயின்ட் காயும் முன்னே சில வீடுகளில் எண்ணுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்த எண் அவர்களை அங்கேயே இருத்தி வைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினேழாவது வீடு லெட்சுமி அக்காவுடையது. நிலைய வாசலில் வடை விற்பவர்.

"தம்பி, பதினேழு வேணாம். கூட்டுனா எட்டு வருது."

"வரிசையாத்தான் போடணும்க்கா."

"நீ என்னைக்குய்யா வரிசையில நின்ன? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பத்தொம்போது போடு, வடை தரேன்."

இரண்டு வீடு தள்ளி இருந்த ஆ செங்குக்குப் பதினேழைக் கொடுத்தேன். சீனருக்கு எட்டு ராசி. அவர் வாயெல்லாம் பல். குணா சார்தான் கத்தினார். அன்றிலிருந்து அக்காவுக்கு நான் சொன்னால் சரி.

சில மாதத்தில் வரைபடம் காட்சிக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்; வீட்டுக்கு ஒரு பாரம். பக்கத்துக் கம்பத்துக்குக் கடைகளின் நீலம் விழுந்திருந்தது. எங்களுடையது பச்சை. வீடுகளுக்கு ஆரஞ்சு என்று ஓரத்தில் போட்டிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

"பச்சைன்னா என்ன சார்?"

"நல்லதுதான்யா. எந்த டெவலப்பரும் அங்க ஒரு கல்லு வைக்க முடியாது. போய்ச் சொல்லு, ஜனங்க பயப்படாம இருக்கட்டும்."

ஓடிப்போய்ச் சொன்னேன். 'திறந்தவெளி, பொழுதுபோக்கு' என்று எழுதியிருப்பதையும் தமிழில் சொன்னேன்.

"பொழுதுபோக்கா? நம்ம கேரம் போர்ட மேல எடத்துல பாத்துட்டான்டா!" என்றார் கேரம் ஆடிக்கொண்டிருந்த மணியம் அண்ணன். கம்பமே சிரித்தது.

அக்கா மட்டும், "எதுக்கும் அந்தப் பாரத்த எழுதிக் குடுத்துருவமா?" என்று கேட்டார்.

"வேணாம்க்கா. பச்சைய எதுத்து எழுதுனா நீலத்த அடிச்சிருவான்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் பாருங்கள். நாற்பத்தொரு பாரமும் அப்படியே கிடந்தது. அக்கா வடை மடிக்க எடுத்துக்கொண்டார். ஆட்சேபப் பாரத்தில் மடித்த வடையை நானும் தின்றிருக்கிறேன்.

பிறகு நோட்டீஸ் வந்தது. ஆற்றோரப் பூங்காவும் வெள்ளநீர்க் குளமும் வருகின்றன. குடியிருப்பவர்கள் தூரத்துப் பிளாட்டுக்குப் போக வேண்டும். நோட்டீசை எடுத்துக்கொண்டு குணா சாரிடம் போனேன்.

"நான் பொய் சொன்னேனா? யாரும் கட்ட முடியாதுன்னேன். யாராச்சும் கட்டுறானா?"

"எண்ணும்போதே தெரியுமா சார்?"

மேசையில் என் பட்டியல் கிடந்தது. எனக்குக் கொடுக்காத முதல் தாள் இப்போது அதன் மேல் இருந்தது: 'அகற்ற வேண்டிய வீடுகள்.' நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய தேதி. குணா சார் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். "ஒரு ஆட்சேபம்கூட வரலைய்யா. இவ்ளோ சுமுகமா எந்தக் கம்பமும் முடிஞ்சதில்ல. எல்லாம் உன்னாலதான்."

முதுகில் அந்தக் கை பட்ட இடம் இன்னும் தெரியும்.

அன்றோடு அந்த வேலையை விட்டேன். வீடுகளைக் காலி செய்யும் நாளுக்கு முந்தின மாலைதான் கம்பத்துக்குப் போக முடிந்தது. மணியம் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெட்சுமி அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருக்கலாம்.

"நீ படிச்ச புள்ளைன்னு நெனச்சிட்டேன் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

ரயிலில் போனால் இப்போது அந்தக் குளம் தெரியும். ஓடுவதற்குப் பாதை, உட்காரப் பலகை. கீழ்த்தெருக்களில் முன்போல் வெள்ளம் ஏறுவதில்லை. இதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் குணா சாராகிவிடுவேன். ஆனால் வடை இல்லை, ஆ செங் இல்லை, கேரம் காய் மோதும் சத்தம் இல்லை. அங்கே வீடு இருந்ததென்று சொல்ல ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. என் பையில் இருக்கும் ஒட்டுத்தாளில் என்ன எழுதுவது? அன்றைய என்னைப் போல யாரோ ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, போய் ஜனங்களிடம் நல்லதாகச் சொல்லுவான்.

அன்று மாலை அக்கா வீட்டிலிருந்து இருட்டும்வரை தண்டவாளத்தோரமாகவே நடந்தேன். மறுநாள் காலை, கம்பத்துச் சாமான்களைப் பிளாட்டுக்கு ஏற்றிப்போகும் லோரியில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வீடுகளின் எண் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் டிரைவர். தெரியும் என்றேன். முதலில் ஏற்றியது பத்தொன்பது. அக்கா கதவையும் கழற்றிக் கொடுத்தார். அன்றும் எண்ணுக்கு வைத்திருந்த குங்குமம் என் தோளில் ஒட்டியது.