ஸ்பொன்சர் கொண்டுவந்த கூடை

எஹலியகொடப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்து ஃபெக்டரியில் நான் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓடுவேன். எங்கள் பக்கத்துக் கிளப்காரர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஏழெட்டுப் போட்டி வைப்பார்கள். எனக்கு டயர் கொடுத்தவர் மாவனல்லையில் டயர் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. பதிலுக்கு டேங்கில் அவர் கடைப் பெயரை ஒட்டச் சொன்னார், அவ்வளவுதான். போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றிலே நிற்பார்.

பிறகு ஒரு குளிர்பானக் கம்பனி தனியாக ஒரு போட்டித் தொடர் ஆரம்பித்தது, அதே ஞாயிற்றுக்கிழமைகளில். ஹெல்மட், ஜெர்சி, டயர் எல்லாம் கொடுத்தார்கள். டீவியிலும் காட்டினார்கள். ஒரே நிபந்தனை: அவர்களிடம் ஓடுகிறவன் கிளப் தொடரில் ஓடக் கூடாது. நானாவிடம் போய்ச் சொல்ல முடியாமல் நின்றேன். அவரே, "போங்க தம்பி, என்னால டீவியில காட்ட ஏலுமா?" என்றார். கையெழுத்துப் போட்டேன். கம்பனி நீட்டிய பேப்பரை முழுதாக வாசிக்கவில்லை.

போஸ்டருக்குப் படம் எடுக்க தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லயத்து வீட்டுக்கே வந்தார்கள். அம்மாவும் படத்தில் வேண்டும் என்றார் விளம்பர மெனேஜர். அம்மா முப்பது வருஷம் றப்பர் மரத்தில் பால் வெட்டியவள். இருந்ததில் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். மெனேஜர் வேனிலிருந்து, தேயிலை பறிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் ஒரு புதுக் கொழுந்துக்கூடையை எடுத்து, மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

"நான் ஒருநாளும் கொழுந்து எடுத்ததில்லைங்க மாத்தயா. பால் வெட்டுற கத்தி உள்ள இருக்கு, கொண்டாரவா?" என்று அம்மா சிங்களத்திலேயே கேட்டாள்.

"பார்க்கிறவங்களுக்குக் கூடைதான் விளங்கும் அம்மா" என்று அவர் சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். புது ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. இதை நினைத்தால் அவர்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல்தான் கோபம் அதிகம் வருகிறது. அம்மா கூடையை மாட்டினாள். கொஞ்சம் குனியச் சொன்னார்கள், குனிந்தாள்.

போஸ்டரை பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள். "என்னக்கா, எந்த மலையில கொழுந்து?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அம்மா டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

இரண்டாவது வருஷம் பயிற்சியில் விழுந்து என் தோள் எலும்பு முறிந்தது. மெனேஜருக்கு ஃபோன் பண்ணினேன். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. "எத்தனை வாரம்?" என்றார். அந்த ஞாயிறே என் நம்பரோடு வேறொருவன் ஓடினான். திரும்ப ஃபோன் பண்ணி, சரி, போஸ்டரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன்.

"படம் கம்பனியோடது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டது நான். எங்கம்மா போடலையே!"

கேட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. மறுநாள் காலை கையில் கட்டோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நானே கிழித்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து என்ன இது என்று அதட்டினார். "இது எங்கம்மா" என்றேன். படத்தையும் என்னையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த சீசனோடு கம்பனி ரேஸைக் கைவிட்டு கிரிக்கெட்டுக்குப் போனது. அதற்குள் ஓட ஆளில்லாமல் கிளப் தொடரும் நின்றுபோயிருந்தது. ஸ்பொன்சர் அனுசரணை இல்லாவிட்டால் இந்த நாட்டில் ரேஸே இல்லை என்று கம்பனிக்காரர்கள் மேடைகளில் பேசுகிறார்கள். இருந்த ரேஸை இல்லாமல் செய்தது யார் என்று ஒருவரும் அவர்களைக் கேட்பதில்லை.

போன மாதம் குருவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு தரிசு வயலில் ஒன்பது பைக்கோடு ரேஸைத் திரும்பத் தொடங்கினோம். ஸ்பொன்சர் தேடலாமா என்று ஒருவர் கேட்டார். தேடலாம், ஆனால் வேறெங்கும் ஓடக் கூடாது என்று பேப்பரில் எழுதுகிறவர்கள் வேண்டாம் என்று எல்லாரும் கை தூக்கினோம். பிறகு மழை பிடித்தது. மழையிலேயே ஓடினோம். நான் நாலாவதாக வந்தேன்.